பச்சை ஒயர்

ஆர்த்தி அந்தக் கிட்டாரை உரச்சாக்கில் சுற்றி, அதன்மேல் ஒரு பழைய சேலையைக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். செம்மேடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் சாக்கு தூறலில் நனைந்துவிட்டது. கோகிலவாணி மேசைமேல் கிடந்த மிக்ஸி மோட்டாரை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள்.

"பாத்து அவுருங்கக்கா. எங்கண்ணனோடது."

முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த கோகிலவாணியின் கை நின்றது. ஆர்த்தியின் அண்ணன் முகேஷைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கொல்லிமலையில் இல்லை. பெரக்கரை நாட்டுப் பகுதியில் அவர்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், மேடையில் பாடிக்கொண்டே கரண்ட் அடித்துச் செத்துப்போனவன். சில வருஷங்கள் ஓடிவிட்டன. மழைக்காற்றில் சீரியல் லைட் ஒயர் அறுந்து அவன்மேல் விழுந்துவிட்டது என்று ஊர் சொன்னது. போலீஸும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. அன்றைக்கு அந்த மேடைக்கு மைக்செட் கட்டியவன் கோகிலவாணியின் கணவன் தனபால். அவள் அப்போது மலையில் இல்லை. ஆபரேஷன் முடிந்திருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ராசிபுரம் போயிருந்தாள்.

சாக்குக்குள்ளிருந்து வந்த கிட்டாரைப் பார்த்தால் எதுவோ எரிந்து அணைந்த இடத்திலிருந்து எடுத்தது போலிருந்தது. முகேஷ் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஜப்பானில் செய்தது. ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்ட சேலத்துக்காரர் ஒருவரிடம் அவன் வாங்கியிருந்தான். அவன் போன பிறகு அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிட்டார்கள். சிவப்புப் பெயிண்டின்மேல் புகை பிசின்போல ஏறியிருந்தது. கம்பிகள் துருப்பிடித்து, முறுக்கும் கீக்கள் இறுகி, கழுத்து லேசாக வளைந்திருந்தது. உடம்பின் பின்பக்கம் பூஞ்சை பூத்திருந்தது.

"நோம்பிக்குள்ள வாசிக்கற மாதிரி பண்ணிக் குடுங்கக்கா. அண்ணன் நின்ன எடத்துலயே நின்னு ஒரு பாட்டு வாசிக்கோணும்." கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது ஆர்த்தியும் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா அடுப்புல வெச்சிரும்."

"பண்ணலாம் ஆர்த்தி. நெம்ப வேலை இருக்குது. வெச்சிட்டுப் போ."

கடையின் முன்பக்கம் கோகிலவாணியுடையது. மோட்டார் காயில் கட்டுவது, மிக்ஸி, ஃபேன், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் எல்லாம் அவள் வேலை. ஐ.டி.ஐ. படித்தவள். பின்பக்கம் தனபாலின் மைக்செட் சாமான்கள் அடுக்கியிருக்கும். சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு, தோளில் ஒயர் சுருளோடு வந்த தனபால், மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது எப்பிடி இங்க வந்துச்சு?"

"ஆர்த்தி கொண்டாந்துச்சுங்க. சரி பண்ணோணுமாம்."

"திருப்பிக் குடுத்துரு. சாவு விழுந்த சாமான் நம்ம கடைக்குள்ள வேண்டாம்."

அவன் உள்ளே வராமல், வெளியே சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனான். கண்முன்னால் ஒரு பையன் சாவதைப் பார்த்தவன், அப்படித்தான் இருக்கும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் புகையைத் துடைத்தாள். கீக்களுக்கு எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தாள். பழைய கம்பிகளைக் கழற்றியபோதுதான் அந்தப் புள்ளிகளைக் கவனித்தாள். எல்லாக் கம்பிகளிலும் ஒரே நேர்கோட்டில், வெல்டிங் பொறி பட்டதுபோலக் கருநீலமாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. அது துருவல்ல. ஏதோ ஓர் இரும்பு குறுக்கே விழுந்து தீப்பொறி பறந்திருக்கிறது.

கம்பிகள் வந்து சேரும் இரும்புத் தகட்டையும் கழற்றினாள். அதன் அடியில் ஒரு மெல்லிய ஒயர் உண்டு. கம்பிகளிலிருந்து கிளம்பி, கிட்டார் வயிற்றுக்குள் போய், வெளியே ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு சேரும் ஒயர். அதன் உறை முழுக்க உருகி, மரத்தில் ஒரு கரிக்கோடு விழுந்திருந்தது.

கிட்டாருக்கென்று சொந்தமாகக் கரண்ட் கிடையாது. லைட் ஒயர் மேலேயிருந்து அவன் தலையிலோ தோளிலோ விழுந்திருந்தால் இந்த ஒயர் ஏன் இப்படிக் கருக வேண்டும்?

சாப்பிடும்போது கேட்டாள். "ஏனுங்க, அன்னைக்கி அந்தப் பையனுக்கு எந்தப் பொட்டி குடுத்தீங்க?"

தனபால் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சேலத்துல வாடகைக்கு எடுத்தது. அடுத்த நாளே போயிருச்சு. இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான் கேட்டேன்."

அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

கிட்டாரின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் செத்துப்போயிருந்தது. காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று சுற்றியிருக்கும். அது உள்ளே எங்கேயோ அறுந்திருந்தது. கோகிலவாணி சேலத்திலிருந்து கம்பி வரவழைத்து, ஃபேன் காயில் சுற்றும் மிஷினில் மாட்டி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சுற்றினாள். ஒரு பகல் முழுக்க ஆனது. மீட்டர் வைத்துப் பார்த்தாள். உயிர் வந்திருந்தது. மேசைமேல் வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினாள்.

காலையில் மீட்டர் முள் அசையவே இல்லை. காயிலின் ஓரத்தில் கம்பி அறுந்திருந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். பலாப்பழ சீசனில் மலையில் எலித் தொல்லை அதிகம். மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். இந்தத் தடவை பிக்கப்பை ஓர் எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினாள்.

மறுநாள் மூடி மூடியபடிதான் இருந்தது. திறந்து பார்த்தபோது காயில் நடுவில் ஆழமாக வெட்டப்பட்டு, செம்பு நூல்கள் பிரிந்து நின்றன. கடித்த அடையாளம் எதுவும் இல்லை. வெட்டு நேராக, சுத்தமாக இருந்தது.

வெளியே பனி இறங்கி எதிர்க்கடையே தெரியவில்லை. அந்தக் கிட்டார் சுவரோரம் சாய்ந்து நின்றது. கோகிலவாணி அதைத் திருப்பி, சுவரைப் பார்க்க வைத்தாள். அப்படிச் செய்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பேய்க்கு எதற்குக் கட்டிங் பிளேயர்? பூட்டு உடையவில்லை. கடைக்குச் சாவி இரண்டுதான். ஒன்று அவளிடம் இருந்தது. இன்னொன்று யாரிடம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்த யோசனையை அவள் முடிக்க விரும்பவில்லை.

சந்தை அன்று முகேஷின் அம்மா சின்னாயி வந்தாள். மிளகு விற்ற வெறுஞ்சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது.

"கண்ணு, எம்புள்ள இங்க ஒண்ணு கொண்டாந்து குடுத்திருக்கறாளாமே."

சின்னாயி சுவரோரம் இருந்த கிட்டாரைப் பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை.

"அதைச் சரி பண்ணாத சாமி. எம்பையனைத் தின்னுபோட்டு இத்தனை வருசம் பசியோட கெடந்துச்சு. இப்பப் பொண்ணைக் கேக்குது."

"இது வெறும் மரமும் கம்பியும்தானுங்கம்மா."

"உனக்குத் தெரியாது. நீ அன்னைக்கி இல்ல. உங்கூட்டுக்காரரைக் கேளு. அவருதான் மொதல்ல ஓடியாந்து ஒயரைப் புடுங்குனாரு. நான் மயங்கிக் கெடந்தப்ப என் வாயில தண்ணி ஊத்துனதும் அவருதான். அத்தனை கூப்பாட்டுலயும் பொட்டி நனைஞ்சிருமின்னு, போலீசு வாரதுக்கு முந்தியே வேன்ல ஏத்தி அனுப்பிச்சிட்டாரு. பொறுப்பான மனுசன்."

"எந்தப் பொட்டிங்கம்மா?"

"எம்பையன் இதை மாட்டுனானே, அந்தக் கறுப்புப் பொட்டிதான். உங்க கடைப் பொட்டிதான் கண்ணு. ஒரு மூலை ஒடைஞ்சு தகரம் அடிச்சிருக்குமே. அதுக்கு முந்தி எல்லா நோம்பிக்கும் வரும்."

சின்னாயி போன பிறகு கோகிலவாணி கடையின் பின்பக்கம் போனாள். தனபால் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஸ்பீக்கர்களுக்கும் டியூப்லைட் கட்டைகளுக்கும் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் அந்தப் பெட்டி இருந்தது. மூலையில் தகரம் அடித்த கறுப்புப் பெட்டி. பல தடவை இதே இடத்தைக் கூட்டியிருக்கிறாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியதில்லை.

பிளக்கைப் பிரித்தாள். உள்ளே சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் அவற்றின் இடத்தில் இருந்தன. எர்த்துக்குப் போக வேண்டிய பச்சை ஒயரை மட்டும் குட்டையாக வெட்டி, நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தது. டேப்பைச் சுற்றுகிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். தனபால் கடைசிச் சுற்றை எப்போதும் கோணலாக இழுத்து விடுவான். இதுவும் கோணலாகத்தான் இருந்தது.

அவள் பெட்டியை ஸ்விட்சில் மாட்டி, ஒரு பல்பின் ஒரு முனையைப் பெட்டியின் இரும்பிலும், இன்னொரு முனையை எர்த்திலும் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

ஈரத்தில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கெட்டு, பெட்டியின் இரும்பு முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். எர்த் இல்லாததால் அந்தக் கரண்ட் கிட்டார் ஒயர் வழியாகக் கம்பிக்கு வந்து, கம்பியைப் பிடிக்கப்போகும் கைக்காகக் காத்திருந்தது. அவன் வாயை மைக்கில் வைத்திருக்கிறான். மைக் வேறு செட், அதற்கு எர்த் உண்டு. கையிலிருந்து உதட்டுக்கு, நடுவில் நெஞ்சு. பிறகு விழுந்திருக்கிறான். மைக் ஸ்டாண்டும் கம்பிகளின் குறுக்கே சாய்ந்திருக்கிறது.

ஸ்விட்சை அணைத்தாள். யாராவது தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்று, பிளக்கோடு சேர்த்து அந்த ஒயரைப் பெட்டியிலிருந்து வெட்டி எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். தார்ப்பாயைப் பழையபடி மூடினாள். தனபால் வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவன் ஒரு நிமிஷம் தார்ப்பாயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

மறுநாள் புதுக் கம்பிகள் வந்த பார்சலை வாங்க அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பியபோது வேன் இல்லை. பின்பக்கம் தார்ப்பாய் தரையில் தட்டையாகக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் தனபால் வந்தான். முழங்கால் வரை சேறு. கையில் முள் கீறியிருந்தது.

"பொட்டி எங்கீங்க?"

"எந்தப் பொட்டி?"

"தகரம் அடிச்சது."

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

"இன்னைக்கி எந்த இரும்புக்காரன் மலைக்கு வந்தான்?"

அவள் பையிலிருந்து ஒயரை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரித்த பிளக்கில் அந்தப் பச்சை நுனி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

தனபால் ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தான். கடை இருண்டது. ஷட்டருக்கு அடியில் ஒரு சாண் வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது.

"குடு அதை."

"காயிலை வெட்டுனதும் நீங்கதானா?"

"நீ அந்தக் கருகுன ஒயரைப் பாத்தா தெரிஞ்சுக்குவேன்னு தெரியும். அதனாலதான் திருப்பிக் குடுன்னு சொன்னேன். கேட்டியா?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "கொர்ர்ருன்னு எரைச்சல் வந்துச்சு கோகிலா. பாட்டே கேக்கல. எர்த்தை எடுத்துட்டா எரைச்சல் நிக்கும். எல்லாரும் பண்றதுதான். எத்தனை நோம்பி அப்பிடி ஓட்டியிருக்கறேன்? மழை வரும்னு நான் கண்டனா? பொட்டி இப்பப் பள்ளத்துல கெடக்குது. உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். குடு."

அவள் ஒயரை எடுத்துப் பின்னால் மறைத்தாள். அவன் மேசையைச் சுற்றி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கல்யாணமான பத்து வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பிடித்ததில்லை. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. அவனுக்கு மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

"அக்கா, உள்ள இருக்கீங்களா? லைட் தெரியல. கிட்டார் ஆயிருச்சான்னு கேக்க வந்தனுங்க."

தனபாலின் பிடி தளர்ந்தது. கோகிலவாணி கையை உருவிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கினாள். ஆர்த்தி குடையை மடக்கியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள வா ஆர்த்தி. உக்காரு." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவளே சொன்னாள். பிளக்கைக் காட்டி, கருகிய ஒயரைக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னாள். ஆர்த்தி அழவில்லை. கத்தவும் இல்லை. வெளிறிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தனபாலிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்பிடி இருந்தா மைக்குல வாய் பட்டதுமே லேசா அடிக்குமுங்க. எனக்கே காலேஜுல ஒருக்கா அடிச்சிருக்குது. அண்ணன் பாட்டுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா?"

தனபால், யாரிடமோ பேசுவதுபோல, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"சொன்னான். உதட்டுல சுரீர்ங்குது அண்ணான்னு சொன்னான். மழை அப்பத்தான் தொடங்கியிருந்துச்சு. சனம் காத்திருந்துச்சு. வேர்வைடா, ஒண்ணும் ஆவாது, பாடுன்னு நான்தான் சொன்னேன்."

ஆர்த்தி குடையை எடுத்துக்கொண்டு, விரிக்காமலேயே மழைக்குள் இறங்கி நடந்தாள்.

அன்று சாயங்காலமே கோகிலவாணி அவர்கள் வீட்டுக்குப் போனாள். சின்னாயியிடம் ஆர்த்தி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சின்னாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கோகிலவாணியைப் பார்க்காமல், தன் வாயைப் புறங்கையால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கையிலயா நான் தண்ணி வாங்கிக் குடிச்சேன்?" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று பேரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போனார்கள். கணவன்மேல் புகார் கொடுக்க வந்தவளை ஸ்டேஷனில் விசித்திரமாகப் பார்த்தார்கள். எழுதுகிறவர் இரண்டு தடவை, "யோசிச்சுக்கம்மா," என்றார். அவள் ஒயரை மேசைமேல் வைத்தாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றின் பள்ளத்திலிருந்து கயிறு கட்டிப் பெட்டியை மேலே கொண்டுவந்தார்கள். தனபால் எதையும் மறுக்கவில்லை. ஜாமீன் கிடைத்ததும் அடிவாரத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். கேஸ் நடந்துகொண்டிருந்தது. மலையில் பாதிப் பேர் கோகிலவாணி செய்தது சரி என்றார்கள். மீதிப் பேர் ரிப்பேருக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். சில நாள் போன் வரும். எடுத்தால் எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். அவள் கடைப் பூட்டை மாற்றினாள்.

பிக்கப்பை மூன்றாம் தடவை சுற்றினாள். கருகிய ஒயரை எடுத்துவிட்டுப் புதியது போட்டாள். கரிக்கோட்டைச் சுரண்டவில்லை. கம்பிகளைக் கட்டி, கழுத்தின் வளைவை நிமிர்த்தி, தன் பெஞ்சில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டி மெதுவாக மீட்டியபோது, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம் எழுந்து கடை முழுக்க நின்றது. நல்ல சத்தம்தான். ஆனாலும் அவள் சட்டென்று உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி அதை நிறுத்தினாள்.

நோம்பி அன்று காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. மைக்செட்டைக் கோகிலவாணியே கட்டினாள். மேடைக்குப் பின்னால் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் கம்பியை அடித்து இறக்கினாள். ஒவ்வொரு பிளக்கையும் பிரித்துப் பார்த்தாள். டெஸ்டரை எல்லா இரும்பிலும் வைத்தாள். எதுவும் எரியவில்லை. மத்தியானப் பூஜை முடிந்து ஆர்த்தி மேடை ஏறியபோது, எப்போதும் மேடையை நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டம் நன்றாகத் தள்ளி நின்றது. பிள்ளைகளை யாரும் முன்னால் விடவில்லை.

ஆர்த்தி கிட்டாரைத் தோளில் மாட்டினாள். வலது கையைக் கம்பிகளுக்கு மேலே கொண்டுபோய் அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தாள். தூறல் விழ ஆரம்பித்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "நீங்க மொதல்ல தொடுங்க."

கோகிலவாணி மேடை ஏறினாள். ஒரு கையால் ஆறு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தாள். இன்னொரு கையால் மைக்கைப் பிடித்து, உதட்டை அதன் வலைமேல் வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. ஆர்த்தி போதும் என்று சொல்லும்வரை அப்படியே நின்றாள்.

பிறகு ஆர்த்தி வாசித்தாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் அசையவுமில்லை. கோகிலவாணி மேடையின் ஓரத்தில் நின்றபடி சின்னாயியைத் தேடினாள். கூட்டத்தில் அவளைக் காணோம். கோயில் சுவரில் மெயின் ஸ்விட்ச் பெட்டி இருந்த இடத்தில், கதவைத் திறந்துவைத்து, நனைந்துகொண்டே நின்றிருந்தாள். பாட்டு முடியும்வரை அவள் கை அந்த ஸ்விட்சின் பிடியிலேயே இருந்தது. கண் மகளின் விரல்களை விட்டு அகலவே இல்லை.